மங்கம்மாள் எந்தப் பாவத்துக்காகச் சாலை போட்டார்?

காலை வணக்கம் போட்டு, யாருக்காவது பிறந்த நாள் என்றால் வாழ்த்தும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற ஆள் நான். இன்று அப்படி முடியவில்லை. பதிவு நீளம். அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. 'கள்ளக்காதலால் பட்டினி கிடந்து செத்த ராணி' என்று தலைப்பு. ராணி மங்கம்மாளைப் பற்றியது. பின்னணியில் உடுக்கைச் சத்தம், யாரோ வடநாட்டு நடிகையின் படம், நடுநடுவே ரத்தச் சிவப்பில் எழுத்து. பாதியில் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். கடைசியில் பேசுகிற தம்பி, "இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் வரலாற்று ஆசிரியர்" என்று என் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்கிறான். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். நல்ல பையன். பொய் சொல்லவில்லை. அவன் சொன்ன கதையில் முக்கால்வாசி நான் வகுப்பில் சொன்னதுதான்.

அதனால் இந்தப் பதிவில் நான் யாரையாவது திட்டுகிறேன் என்றால் முதலில் என்னைத்தான் திட்டுகிறேன். அடுத்தது உங்களை.

கதையை ஞாபகப்படுத்துகிறேன். ராணி மங்கம்மாள் ஒரு நாள் ஏதோ யோசனையில் இடது கையால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பெரிய பாவமாகிவிட்டது. என்ன பிராயச்சித்தம் என்று கேட்டார். சாலை போடு, மரம் நடு, சத்திரம் கட்டு, தண்ணீர்ப் பந்தல் வை என்றார்கள். அப்படித்தான் மங்கம்மாள் சாலை வந்தது, சத்திரங்கள் வந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது இடது கையால் வெற்றிலை போடுவது மாதிரி நடித்தும் காட்டுவேன். பையன்கள் சிரிப்பார்கள். மத்தியான வெயிலில் தூங்கி விழுகிற வகுப்பை எழுப்ப அதுபோல ஒன்று வேண்டியிருந்தது. பரீட்சையிலும் ராணி மங்கம்மாளின் பொதுப்பணிகள் என்று கேட்டால் எல்லோரும் எழுதிவிடுவார்கள், வெற்றிலையோடு சேர்த்து.

இதே வாயால்தான் அசோகரையும் சொன்னேன். "அசோகர் சாலையோரம் மரங்களை நட்டார்." தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவனுக்கும் இந்த வரி மறக்காது. அசோகர் ஏன் மரம் நட்டார்? மக்கள் மீது இருந்த அன்பினால். அவரும் ஒரு வருத்தத்துக்குப் பிறகுதான் மாறினார் என்று யாராவது சொல்வீர்கள். வாஸ்தவம். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அவரே சொல்கிறார். ஒரு லட்சம் உயிர். அதற்குப் பிறகு மரம் நட்டால் மாமன்னர். பாடப் புத்தகத்தில் படம், நாணயத்தில் சிங்கம். இங்கே ஒரு அம்மா ஒரு வெற்றிலையைக் கை மாற்றி எடுத்தார். அவர் சாலை போட்டால் பாவக் கணக்கைத் தீர்க்கப் போட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நான் அசோகரை 'அவர்' என்பேன். மங்கம்மாளை 'அவள்' என்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட எழுந்து ஏன் சார் என்று கேட்கவில்லை. எனக்கே தோன்றாதபோது பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்.

இப்போது அந்த அம்மா என்ன செய்தார் என்று பார்ப்போம். இதை நான் வகுப்பில் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரே பீரியடில் நாயக்கர்கள் மொத்தத்தையும் முடித்தாக வேண்டும். திருமலை நாயக்கர் மகாலுக்கே பாதி நேரம் போய்விடும்.

மங்கம்மாள், சொக்கநாத நாயக்கரின் மனைவி. லிங்கம நாயக்கர் என்ற தளபதியின் மகள். சொக்கநாதர் 1659-ல் பட்டத்துக்கு வந்தவர். தலைநகரத்தை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றினார். தஞ்சாவூர் நாயக்கர் பெண் தர மறுத்தார் என்று 1673-ல் தஞ்சாவூர் மேல் படையெடுத்து அந்த வம்சத்தையே முடித்தார். பிடித்த தஞ்சாவூர் கையில் நிற்கவில்லை, இரண்டு மூன்று வருஷத்தில் சிவாஜியின் தம்பி ஏகோஜி கைக்குப் போய்விட்டது. பிறகு தன் குதிரைப்படைத் தலைவன் ருஸ்தம் கானிடமே ஆட்சியைப் பறிகொடுத்து, மீட்கப் பட்ட பாடு தனிக் கதை. 1682-ல் அவர் சாகும்போது ராஜ்யத்தில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் ஏழு வருஷம் ஆண்டார். துடிப்பான பையன். 1689-ல் அம்மை நோயில் போய்விட்டார். அப்போது அவர் மனைவி முழுகாமல் இருந்தார். உடன்கட்டை ஏறுகிறேன் என்று நின்ற மருமகளை, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று மங்கம்மாள் தடுத்தார். பிள்ளை பிறந்து சில நாளில் அந்தப் பெண்ணும் உயிரை விட்டுவிட்டார். கணவனும் இல்லை, மகனும் இல்லை, மருமகளும் இல்லை. மடியில் தொப்புள்கொடி காயாத பேரன் விஜயரங்க சொக்கநாதன். நாலு பக்கமும் எதிரி. இந்த நிலையில் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்தான் மங்கம்மாள். 1689-லிருந்து 1706 வரை ஏறத்தாழ பதினேழு வருஷம், பேரனுடைய பெயரில் ஆட்சி.

உடன்கட்டை என்றேன். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி 1710-ல் இறந்தபோது அவருடைய 47 மனைவிகள் சிதையில் ஏறினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் கணவன் சிதையில் ஏறாமல், சின்ன மகனுக்காக உயிரோடு இருந்தவர் மங்கம்மாள். அவரைப் பற்றி ஊர் பேச ஆரம்பித்தது அன்றைக்கே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்கு ஆவணம் கேட்காதீர்கள். மனிதர்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

வடக்கே அவுரங்கசீப் பீஜப்பூரை 1686-லும் கோல்கொண்டாவை 1687-லும் விழுங்கிவிட்டு, தளபதி சுல்ஃபிகர் கானைச் செஞ்சிக்கு அனுப்பியிருந்தார். செஞ்சிக் கோட்டைக்குள் சிவாஜியின் மகன் ராஜாராம். 1690-லிருந்து 1698 வரை முற்றுகை. திருச்சியிலிருந்து செஞ்சி எவ்வளவு தூரம்? அந்தப் படை தெற்கே திரும்பினால் மங்கம்மாளின் ராஜ்யம் ஒரு வாரம் தாங்காது. அவர் கணக்குப் போட்டார். மொகலாயருக்குத் திறை கட்டினார், பரிசு அனுப்பினார். அதற்குப் பதிலாக, தஞ்சாவூர் மராட்டியர் பிடித்து வைத்திருந்த தன் கோட்டைகள் சிலவற்றை அவர்களைக் கொண்டே திரும்பப் பெற்றார்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் மகனைப் பற்றி ஒரு செருப்புக் கதை உண்டு. அவுரங்கசீப்பின் செருப்பை யானை மேல் வைத்து ஊர் ஊராக எடுத்து வந்தார்களாம், எல்லா ராஜாக்களும் விழுந்து கும்பிட்டார்களாம், முத்துவீரப்பர் மட்டும் அதில் தன் காலை நுழைத்து, இன்னொன்று எங்கே என்றாராம். நடந்ததோ இல்லையோ, கேட்டதும் கை தட்டத் தோன்றும். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் ராஜ்யம் பிழைத்தது அம்மா கட்டிய திறையால். அதற்கு யார் கை தட்டுவார்கள்? வீட்டிலும் அப்படித்தானே. சண்டை போட்டவன் பெயர் நிற்கும், கடனை அடைத்தவள் பெயர் நிற்காது.

வெறும் பணிந்து போகிற அம்மா என்று நினைத்துவிடாதீர்கள். திருவிதாங்கூர் திறை கட்டாமல் ஏமாற்றிக்கொண்டிருந்தது. 1697-ல் அனுப்பிய படையை ரவிவர்மா கிட்டத்தட்ட அழித்தேவிட்டார். மங்கம்மாள் தளவாய் நரசப்பய்யாவிடம் மறுபடி ஒரு படையைக் கொடுத்து அனுப்பி, பாக்கியோடு வசூலித்தார். 1700-ல் தஞ்சாவூரோடு போர். அதே நரசப்பய்யா கொள்ளிடத்தைத் தாண்டிப் போய் அடித்த அடியில், தஞ்சாவூர் பணம் கொடுத்துச் சமாதானம் வாங்கியது. 1702-ல் ராமநாதபுரத்தின் மேல் படை அனுப்பினார். அதில் தோற்றார். நரசப்பய்யா அந்தப் போரிலேயே மாண்டார். சேதுபதி அதற்குப் பிறகு யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. இது மங்கம்மாளின் தப்புக் கணக்கு. கிழவன் சேதுபதியோடு மோதியிருக்கக் கூடாது. அவரைக் குறை சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் வீடியோவில் இது ஒரு வரிகூட இல்லை.

சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்கென்று ஒன்று. "நம்ம ஊருக்கும் மங்கம்மாளுக்கும் என்ன சார் சம்பந்தம்" என்று ஒரு மாணவி கீழே எழுதியிருந்தாள். சம்பந்தம் இருக்கிறது கண்ணு. தாரமங்கலம் கட்டி முதலிகள் மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்தக் காலத்தில் மைசூரை ஆண்டவர் சிக்கதேவராயர், 1673-லிருந்து 1704 வரை. கொஞ்சம் கொஞ்சமாக நம் சேலத்துப் பக்கத்தை விழுங்கியது அவர்தான். திப்பு சுல்தான் தோற்று 1792-ல் கும்பெனிக்கு விட்டுக்கொடுக்கும் வரை நாம் மைசூரின் எல்லைக்குள்தான் இருந்தோம். ஆக, மங்கம்மாள் கையை விட்டு நழுவிய பூமியில்தான் உட்கார்ந்துகொண்டு நாம் அவரைப் பேசுகிறோம்.

அதே சிக்கதேவராயர் 1700-ஐ ஒட்டிக் காவிரிக்குக் குறுக்கே ஓர் அணை கட்டினார். கீழே தண்ணீர் வரவில்லை. திருச்சியும் காய்ந்தது, தஞ்சாவூரும் காய்ந்தது. மங்கம்மாள் என்ன செய்தார் தெரியுமா? இப்போதுதான் சண்டை போட்டு அடித்து நொறுக்கிய தஞ்சாவூரோடு கை கோத்தார். இரண்டு ராஜ்யமும் சேர்ந்து மைசூர் மேல் போவதற்குப் படை திரட்டின. கிளம்புவதற்குள் மேலே நல்ல மழை, வெள்ளம் வந்து அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேட்டூர் அணை நிரம்பினால் பூப்போட்டுக் கும்பிடுகிற ஜில்லாக்காரர்கள் நாம். காவிரித் தண்ணீருக்காக முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பகையை மறந்து பக்கத்து ராஜ்யத்தோடு பேசிய ஒரு தலைவர் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னார்களா? நான் சொல்லவில்லை. நான் வெற்றிலைதான் சொன்னேன்.

திருச்சி நத்தர்வலி தர்காவுக்கு 1701-ல் நிலக்கொடை கொடுத்தார். ராமநாதபுரத்தில் சிறைப்பட்டிருந்த மெல்லோ என்ற பாதிரியாரை விடுவிக்கச் சொன்னார். 1693-ல் அருளானந்தரை ஓரியூரில் வெட்டிக் கொன்ற அதே சேதுபதியின் நாட்டில் நடந்தது இது. சேலத்துச் சௌராஷ்டிரக் குடும்பங்களிலிருந்து என்னிடம் நிறையப் பேர் படித்தீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மதுரையில் உபாகர்மம் செய்தார்கள் என்று உங்கள் முன்னோர் பதினெட்டுப் பேரைப் பிடித்து வைத்தபோது, பண்டிதர்களைக் கூட்டி விசாரிக்கச் சொல்லி, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று ஓலை கொடுத்தவர் மங்கம்மாள்தான். விசாரித்தார் என்பதைக் கவனியுங்கள். அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது நாம் யாரும் அதைச் செய்யவில்லை.

சரி, கள்ளக்காதலுக்கு வருவோம். எல்லோரும் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்.

அச்சையா என்ற அமைச்சரோடு அவருக்குத் தொடர்பு இருந்தது, பேரன் வளர்ந்த பிறகும் பட்டத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார், அதனால் அவரை அரண்மனையில் அடைத்து வைத்து, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கைக்கு எட்டாமல் சாப்பாட்டை வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பது கதை. எங்கே இருக்கிறது இது? நெல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி மதுரை நாட்டைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1868-ல் வந்தது. அதில் இருக்கிறது, ஊரில் வழங்கும் கதையாக. மங்கம்மாள் இறந்து நூற்று அறுபது வருஷத்துக்குப் பிறகு. அதிலிருந்து எடுத்து இன்னொரு கெசட்டியர், அதிலிருந்து ஒரு கட்டுரை, ஒரு நாவல், ஒரு நாடகம், பிறகு என் வகுப்பு, இப்போது வீடியோ. உங்கள் கொள்ளுத் தாத்தாவின் பாட்டி எப்படிச் செத்தார் என்று இன்று பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒருவரைக் கேட்டு எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி.

அந்தக் காலத்தில் இங்கே இருந்துகொண்டு எழுதியவர்கள் சேசு சபைப் பாதிரியார்கள். போர், பஞ்சம், வரி, அரண்மனைச் சண்டை எல்லாவற்றையும் ஐரோப்பாவுக்குக் கடிதமாக எழுதித் தள்ளியவர்கள். ராஜாக்களைப் பற்றி நல்லதாக எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் எழுதியதில் மங்கம்மாள் எப்படி வருகிறார்? படை அனுப்புகிறவராக, திறை கேட்கிறவராக, பாதிரியாரை விடச் சொல்கிறவராக வருகிறார்.

அப்புறம் காதலுக்கு என்ன சாட்சி? ஒரு படம். மீனாட்சியம்மன் கோவிலில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தில் மங்கம்மாளின் ஓவியம் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் சொன்ன பெரிய குற்றம், அவர் விதவைக் கோலத்தில் இல்லை. நகை போட்டிருக்கிறார், நல்ல சேலை கட்டியிருக்கிறார். பக்கத்தில் ஓர் ஆண் இருக்கிறார். ஆட்சி நடத்துகிறவர் பக்கத்தில் அமைச்சர் இல்லாமல் ஆட்டுக்காரனா இருப்பான்? பதினேழு வருஷம் ராஜ்யத்தைக் கட்டிக் காத்தவர் மொட்டைத் தலையும் வெள்ளைச் சேலையுமாகக் கொலுவில் உட்கார வேண்டும், தளவாயிடம் திரைக்குப் பின்னால் இருந்து பேச வேண்டும், அப்போதுதான் நமக்குத் திருப்தி.

நகை போட்டிருந்தார். இதுதான் மொத்த சாட்சி. இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்கிறேன். சொந்தக்காரர்கள் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

என் தங்கை மகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. மாப்பிள்ளை போய் மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. அவர் போனபோது கடன் எவ்வளவு, வெளியில் வர வேண்டியது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பட்டறையை வித்துடு என்றார்கள், மீதிப் பேர் எங்களிடம் கொடுத்துடு என்றார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை காலத்திலிருந்து கணக்குப் பார்க்கிற மேனேஜர் ஒருவர் கூட நின்றார். இன்று பட்டறை ஓடுகிறது, ஆட்களுக்குச் சம்பளம் போகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள்.

போன மாசம் நாமக்கல்லில் ஒரு சீர். மாம்பழக் கலரில் பட்டுச் சேலை கட்டி, பொட்டு வைத்து வந்திருந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவர், அவள் காதில் விழும்படியாகவே, "மங்கம்மா கதை ஆகாம இருந்தா சரி" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "வாத்தியாரைக் கேளுங்க, அவர்தான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு ரசம் ஊற்றச் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டது. எதிர் பேசினால் சபையில் சண்டையாகும் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீடியோவைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை. நான் சிரிப்புக்குச் சொன்ன கதை எங்கே போய்க் குத்தியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தையும் உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். 1558-லிருந்து 1603 வரை ஆண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராபர்ட் டட்லி என்ற பிரபுவோடு அவரைச் சேர்த்து ஐரோப்பா முழுக்கப் பேசினார்கள். அந்த டட்லியின் மனைவி 1560-ல் படிக்கட்டின் அடியில் செத்துக் கிடந்தபோது பேச்சு இன்னும் நாறியது. ஆனாலும் இன்று எலிசபெத் என்றால் என்ன நினைவுக்கு வருகிறது? 1588-ல் ஸ்பெயின் கப்பற்படை சிதறியது, நாடகங்கள், கிழக்கிந்தியக் கும்பெனிக்குக் கொடுத்த பட்டயம். அவர் படங்களில் உடம்பு கொள்ளாமல் முத்து போட்டிருக்கிறார். ஒருவரும் அதைக் காதலுக்குச் சாட்சி என்று சொல்வதில்லை. பரீட்சையில் எலிசபெத்துக்கு நீங்கள் எழுதிய விடைகளில் டட்லி வந்ததே இல்லை. நான் சொல்லாததால் வரவில்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ராணியின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேன். திருச்சியில் இருந்த ராணியை வகுப்பின் தூக்கம் கலைக்கப் பயன்படுத்திக்கொண்டேன்.

எலிசபெத்துக்குப் பேரன் பிரச்சினை எதுவும் இல்லை, மங்கம்மாள் பட்டத்தை விட்டுக்கொடுக்காமல் பிடிவாதம் பிடித்தாரே என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அந்தப் பிடிவாதமும் அதே கதைமூட்டையில் இருந்து வருவதுதான் தம்பி. இருந்தாலும் உமக்காக ஒப்புக்கொள்கிறேன் என்றே வையும். பேரன் 1689-ல் பிறந்தவன். பாட்டி ஆட்சி முடியும்போது பதினேழு வயது. நம் வீட்டில் பதினேழு வயதுப் பையனிடம் மளிகைக் கடைச் சாவியைக் கொடுப்போமா? விஜயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். கோவில் கோவிலாகப் போவதிலும் தானம் கொடுப்பதிலும் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் குடும்பத்தோடு அவர் கைகூப்பி நிற்கிற உருவங்களை இன்றும் பார்க்கலாம். பிள்ளை இல்லாமல் போனார். அவர் மனைவி மீனாட்சி இன்னொரு மங்கம்மாளாக இருக்கப் பார்த்தார். சந்தா சாகிப்பின் சத்தியத்தை நம்பிக் கோட்டையைத் திறந்து, ஏமாந்து, விஷம் குடித்துச் செத்தார். பாட்டி போய் முப்பது வருஷத்தில் நாயக்கர் ராஜ்யமே இல்லை. எல்லாம் பேரன் தப்பு என்று சொல்ல மாட்டேன். வந்த காலம் அப்படி. ஆனால் பாட்டி பதினேழு வருஷம் இழுத்துப் பிடித்திருந்த கயிறு எவ்வளவு கனம் என்று அவர் கை விட்ட பிறகுதான் தெரிந்தது.

வெற்றிலைக் கதையில் இன்னொரு விஷமும் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே பிடிபட்டது. சாலையும் சத்திரமும் சும்மா தர்மம் இல்லை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை சாலை போனால் படை போகும், வரி வரும், வியாபாரி வருவான், வியாபாரி வந்தால் சுங்கம் வரும். சத்திரம் இருந்தால் யாத்திரிகன் தைரியமாக நடப்பான். திருவிதாங்கூரில் திறை வசூலிக்க வருஷா வருஷம் படை அனுப்ப வேண்டியிருந்தவருக்குத் தெற்கே நல்ல பாதை வேண்டாமா? அவ்வளவு பெரிய நிர்வாக யோசனையை ஒரு வெற்றிலைக்குள் சுருட்டிக் கொடுத்துவிட்டோம். மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் மங்கம்மாள் சத்திரம் இன்னமும் நிற்கிறது. சுற்றுலா போனபோது உங்களில் எத்தனை பேரை அந்த வாசலில் நிற்க வைத்து இடது கையைத் தூக்கிக் காட்டியிருப்பேன் என்று நினைத்தால் கூசுகிறது.

இப்போது வேலைக்கு வருகிறேன். வீடியோ போட்ட தம்பிக்கு நேற்றே போன் செய்து பேசிவிட்டேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். எடுத்துவிடுகிறேன் சார் என்றான். எடுக்க வேண்டாம், இன்னொன்று போடு, அதில் காவிரி அணையைச் சொல், தலைப்பை நான் எழுதித் தருகிறேன் என்றேன். பார்ப்பவர்கள் குறைவாக இருப்பார்கள் சார் என்றான். இருக்கட்டும்.

உங்களில் ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் பதினைந்து இருபது பேராவது இருப்பீர்கள். நாயக்கர் பாடம் வரும்போது வெற்றிலையை விட்டுவிடுங்கள். கதை சொல்லியே ஆக வேண்டும் என்றால், கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள், யார் எப்போது எழுதி வைத்தது என்பதையும் சேர்த்து. வகுப்பு தூங்கினால் செருப்புக் கதையைச் சொல்லி எழுப்புங்கள். அதுவும் கதைதான், ஆனால் அதனால் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் காயம் இல்லை.

சீரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவினருக்கு: இந்தப் பதிவை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், முதலில் லைக் போடுகிற ஆள் நீங்கள்தான். கதை நான் சொல்லிக் கொடுத்ததுதான், அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சிரித்த சிரிப்பை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கச்சி மகளுக்கு நேற்று சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டைக்கே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். பட்டறையில் ஆட்கள் வேலையில் இருந்தார்கள். "உட்காருங்க மாமா, இந்த எடையை முடிச்சுட்டு வர்றேன்" என்றது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் எழுதியதில் தவறு இருந்தால் ஆதாரத்தோடு வாருங்கள். ஃபேர்லேண்ட்ஸில் அதே வீடுதான், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இருப்பேன். காபி உண்டு. இங்கே வந்து சண்டை போடுகிறவர்களை வரவேற்கிறேன். கைகூப்பும் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.